சுவருக்குள் போன கரண்ட்

7 செப்டம்பர் 1988, புதன்

சம்பள நாள். கேன்டீன் பக்கமாக ஒதுங்கி நின்று கவரைப் பிரித்தேன். சீட்டில் ‘மின்சாரம்’ என்ற இடத்தில் போன மாதத்தைப்போல் நாலு மடங்கு பிடித்திருக்கிறார்கள். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. கரண்டும் கம்பெனி வழியாகத்தான் வருகிறது. அவர்களே மீட்டர் பார்த்து, அவர்களே கணக்குப் போட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். எங்கேயும் போய் நின்று கட்ட வேண்டாமே என்று போன வருஷம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

இரண்டு பல்பு, ஒரு ஃபேன், அத்தா விட்டுப்போன ரேடியோ. இதில் எது இவ்வளவு தின்னும்?

அம்மா சொன்னாள்: “வேற யாரோடதோ உனக்குப் போட்டிருப்பாங்க. போயிக் கேளு தில்ஷாத். வாயத் தொறந்து கேளு.”

வாயைத் திறந்து – அதை அழுத்தித்தான் சொன்னாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்னைப் பற்றி.

9 செப்டம்பர்

குவார்ட்டர்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் தலையைத் தூக்கவில்லை. “மீட்டர் பொய் சொல்லாதும்மா. வீட்டுல என்ன வெச்சிருக்கேன்னு நீதான் சொல்லணும்.”

ஒன்றுமில்லை சார் என்று சொல்ல நினைத்தேன். “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சரி?

22 செப்டம்பர்

ஃபேன் போடுவதை நிறுத்திவிட்டோம். பொழுது சாய்ந்தால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தெரு விளக்கு வெளிச்சத்தில் அரிசி பொறுக்குகிறாள்.

7 அக்டோபர், வெள்ளி

இந்த மாதம் இன்னும் அதிகம். கவரோடு ஒரு மெமோவும். வெளியாருக்குக் கரண்ட் கொடுப்பதாகச் சந்தேகம் இருக்கிறதாம். தகுந்த விளக்கம் தராவிட்டால் குவார்ட்டர்ஸ் ரத்து. படிக்கும்போதே காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம்.

இந்த வீடு போனால் மத்தூர்தான், அம்மாவோடு பிறந்த மாமுவின் வீடு. அத்தா இறந்த பிறகு மாமு வீட்டில் இருந்த நாட்களை எழுதக்கூட மனம் வரவில்லை. போன முறை வந்தபோதும், “பொட்டப் புள்ள பேர்ல வீடாம், நல்லா இருக்குதே” என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டே சிரித்தார். ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார், மனைவியை இழந்தவர். கல்யாணமானதும் நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. வீடு போய்விட்டால் நான் எதை வைத்து மாட்டேன் என்பது?

அம்மாவிடம் மெமோவைக் காட்டவில்லை. பிறகு காட்டினேன். வேறு யாரிடம் காட்டுவது.

9 அக்டோபர், ஞாயிறு

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் முன்னால் போய் நின்றேன்.

சுற்றுகிறது.

பல்பு இல்லை, ஃபேன் இல்லை, ரேடியோ இல்லை. உள்ளே அந்தச் சக்கரம் பாட்டுக்குச் சுற்றுகிறது. நாங்கள் இரண்டு பேரும் சும்மா நிற்கிறோம், யாரோ எங்கள் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பதைப்போல.

மெயினை இறக்கினேன். நின்றது. ஏற்றினேன். மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அப்படியென்றால் மீட்டர்மேல் தப்பில்லை. எங்கள் மெயினைத் தாண்டித்தான் எங்கேயோ போகிறது.

அம்மா சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சென்னப்பன் அண்ணா வீடு. வரிசையில் அதுதான் கடைசி. ஆகஸ்டில் கம்பெனி ஆட்கள் ஒவ்வொரு வரிசையிலும் கடைசி வீட்டுக்கு மட்டும் குழாய் போட்டார்கள். அப்போதுதான் அண்ணா வீட்டுக் கொல்லையில், எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரில், இரும்புக் குழாய் பதித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நாங்கள் எல்லாம் இன்னும் தெருக் குழாயில்தான் பிடிக்கிறோம்.

“பைப்பு போட வந்தப்பவே ஒயரும் இழுத்துட்டாங்க” என்றாள் அம்மா.

“சும்மா இரும்மா” என்றேன். ஆனால் ஆகஸ்டு என்பது எனக்கும் உறைத்தது. அதற்கு அடுத்த சம்பளத்தில்தானே ஏறியது?

இருக்காது. இருக்குமோ?

12 அக்டோபர்

முனிலட்சுமி வந்தாள். சென்னப்பன் அண்ணாவின் மனைவி, அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். மற்ற நாளென்றால் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். இன்று நான் வாசலை விட்டு நகரவில்லை.

“என்னக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“தலவலி.”

“எனக்கும் கொஞ்ச நாளா கையெல்லாம் வெடவெடன்னு வருது. அத்தையக் கேட்டா நரம்புத் தளர்ச்சிங்குது.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான். இப்படி ஒட்டுக்கேட்கிற ஆளாகிவிட்டேன்.

14 அக்டோபர், வெள்ளி

ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை நாற்காலி போட்டார். அதுவே பயமாக இருந்தது.

“உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. யாருக்குக் குடுத்திருக்கே? பேரை மட்டும் எழுதிக் குடு. உன்ன விட்டுடறேன்.”

“எனக்குத் தெரியாது சார்.”

“பக்கத்து வீட்டுக்காரன் சென்னப்பன்தானே?”

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

சென்னப்பன் அண்ணா யூனியனில் இருக்கிறார், சத்தமாகப் பேசுவார். ஆபீசருக்கு அவரைப் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். நான் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை போய்விடும். எழுதாவிட்டால் எங்கள் வீடு போய்விடும். அவருக்கு விஷயம் தெரிந்து நேரே வந்து கேட்டால்? அந்தக் குரலுக்கு முன்னால் நான் என்ன பேச?

அம்மா சொல்கிறாள், எழுது என்று. “நமக்குன்னு யாருடி இருக்காங்க?” தாளில் ‘ஐயா’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

16 அக்டோபர், ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலையிலிருந்து மழை. மழை விட்டதும் கொல்லைப் பக்கம் ஒரு அலறல். “தேவுடா!” என்று. அப்புறம் வார்த்தையே இல்லை, ஒரு மாதிரி முனகல். ஓடிப்போய் வேலித் தட்டியைத் தள்ளிக்கொண்டு பார்த்தால் முனிலட்சுமி. சேற்றில் வெறுங்காலோடு, கை அந்தக் குழாயைப் பிடித்தபடி அப்படியே. உடம்பு உதறுது. கண்ணு மேல போயிடுச்சு. அவள் மாமியார் தொடப் போக, சென்னப்பன் அண்ணா “தொடாத, தொடாத!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார்.

“மெயின எறக்கிட்டேன்!” என்று உள்ளேயிருந்து கத்தினார். வெளியே வந்தார். அவள் இன்னும் உதறிக்கொண்டே இருக்கிறாள். கை விடவில்லை. அவர் முகம் போன போக்கு – “எறக்கிட்டேனே! எறக்கிட்டேனே!” என்கிறார்.

எனக்கு அப்போதுதான் – எப்படி என்று தெரியவில்லை – அவர் மெயினை இறக்கி என்ன பிரயோசனம்? அது எங்க வீட்டுக் கரண்ட். எங்களுதுதான் போயிட்டு இருக்குது.

எப்படி ஓடினேன் தெரியாது. நிலையில் முட்டிக்கொண்டேன். மெயினை இறக்கினேன். அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். விழுந்துவிட்டாள்.

செத்துட்டாளோ, செத்துட்டாளோ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை. அம்மாதான் போனாள். திரும்பி வந்து, “மூச்சு இருக்குது” என்றாள்.

கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மெயினை ஏற்றவில்லை. வீடு இருட்டு. இதை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

17 அக்டோபர்

முனிலட்சுமி கண் விழித்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். உள்ளங்கை வெந்துபோயிருக்கிறதாம்.

கம்பெனி எலக்ட்ரீசியன் திம்மராயன் வந்து சுவரை உடைத்துப் பார்த்தார். குழாயைப் பிடித்து நிறுத்த அடித்த ஆணி, சுவருக்குள் போகும் எங்கள் சமையலறை ஒயரைக் குத்தியிருக்கிறது. ஆகஸ்டிலிருந்து எங்கள் கரண்ட் அந்த ஆணி வழியாகக் குழாய்க்கும், குழாய் வழியாக மண்ணுக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காய்ந்திருந்தவரை லேசாக, மழை ஈரத்தில் முழு வேகத்தில். யாரும் திருடவில்லை. மண் தின்றிருக்கிறது.

அவளுக்குக் கை வெடவெடத்தது நரம்பினால் இல்லை. என் வாசலில் வந்து நின்று சொன்னாளே.

‘ஐயா’ தாளை அடுப்பில் போட்டேன்.

18 அக்டோபர்

ஆபீசர் எங்கள் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

டைப் அடித்த தாள் ஒன்று. குடியிருப்பவர் வெளி ஆளை வைத்து ஒயரிங்கில் கை வைத்ததால் நடந்த விபத்து என்று இருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டால் பிடித்தது எல்லாம் திரும்ப வருமாம், மெமோவையும் கிழித்துவிடுவார்களாம்.

“உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இல்லேன்னா விசாரணை, அது இதுன்னு போவும். நீ தனியா இருக்கிற பொண்ணு.”

பேனாவை வாங்கிவிட்டேன். அதை ஒளிக்க விரும்பவில்லை, வாங்கிவிட்டேன். அந்த உதறல் கண்முன்னால் வந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் அவளை நான்தான் அப்படிச் செய்தேன் என்று ஆகிவிடும். மற்ற வீடுகளில் அடித்த ஆணிகளை யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

“போட மாட்டேன் சார்.”

எனக்கே கேட்காத குரல். “என்னது?” என்றார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட இரண்டாவது தடவைதான் கஷ்டம்.

அவர் போன பிறகு வாந்தி எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, “போனா போவுது வீடு” என்றாள்.

19 அக்டோபர்

சென்னப்பன் அண்ணா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தார். எல்லாம் சொன்னேன் – ஆபீசர் அவர் பெயரைக் கேட்டது உட்பட. கத்தப்போகிறார் என்று கதவோரமாகவே நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எம் மெயின எறக்கிட்டு நின்னேன் பாரு தங்கச்சி. அதான் மறுபடி மறுபடி வருது.”

21 அக்டோபர், வெள்ளி

முதல் ஷிப்ட் விட்டதும் எங்கள் வரிசை ஆட்கள் எல்லாரும் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். ஆம்பளைகள் பேசினார்கள். பிறகு மேலதிகாரி ஒருவர் வெளியே வந்து, மீட்டரை முதலில் பார்த்தது யார் என்று கேட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். சுவிட்சுகளை அணைத்தது, சக்கரம் சுற்றியது, மெயினை இறக்கியது, எல்லாம்.

புதிதாகக் குழாய் போட்ட வீடுகளை எல்லாம் இன்றே சோதிக்கச் சொல்லிவிட்டார்.

24 அக்டோபர்

இன்னொரு வீட்டுச் சுவரிலும் அதே மாதிரி. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

7 நவம்பர், திங்கள்

சம்பளம். மின்சாரத்துக்குப் பழைய அளவுதான் பிடித்திருக்கிறார்கள். அதிகம் எடுத்ததும் திரும்ப வந்துவிட்டது. மெமோ ரத்து என்று ஒரு வரி, மன்னிப்பு என்று ஒன்றும் இல்லை. ஆபீசர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவரைக் கண்டால் நானும் இன்னும் வேறு வழியாகத்தான் போகிறேன்.

4 டிசம்பர், ஞாயிறு

முனிலட்சுமிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள்.

அவர்கள் கொல்லையில் சுவரை விட்டுத் தள்ளி, தனியாகத் தூண் கட்டிப் புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். திம்மராயன் வந்து டெஸ்டர் வைத்து, கரண்ட் இல்லை என்று காட்டிவிட்டுப் போனார். ஆனாலும் இத்தனை நாளாக அந்த வீட்டில் யாரும் அதைத் திறக்கவில்லை. தெருவுக்குத்தான் குடத்தோடு வருகிறார்கள்.

இன்று காலை வேலித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். போனேன். குழாயிலிருந்து நாலடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

“நீ மொதல்ல தொடுக்கா.”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. ஈர மண். உள்ளங்கால் கூசியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் முகத்தை ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொண்டேன். கையை நீட்டினேன்.

இரும்பு. சில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.

திறந்துவிட்டேன். கொஞ்சம் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்தது. முனிலட்சுமி இடது கையால் குடத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அடியில் வைத்தாள்.