ஒரே ஸ்ட்ரெச்சர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மருந்துக்கடைக்காரர் கொடுத்த தைலத்தால்தான் என்கிறாள், நீ எழுதிக் கொடுத்த மாத்திரையால் என்று நான் சொன்னால் கோபம் வருகிறது. தம்பிக்கு மறுபடியும் இரவு ஷிப்ட், பகலில் தூங்குகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனை நோண்டுகிறான். ஒத்திகையில் அடிபட்டவனாக நடிக்க உன் மாணவர்கள் என் வெள்ளைச் சட்டையில் பூசிய சிவப்புச் சாயம் போகவே இல்லை, நிஜ ரத்தமா இருந்தாக்கூட இந்நேரம் போயிருக்கும் என்று அம்மா தேய்த்துக்கொண்டே திட்டினாள்.

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எங்களுக்கு மனசு சரியில்லை. ஒத்திகையில் உன் கல்லூரி டீனை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கியது தவறு என்று எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நீ நடத்தும் பேரிடர் மருத்துவ வகுப்பையே நிறுத்திவிடுவார்களாம். பரீட்சையில் வராத பாடம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று டீன் சொன்னாராமே. என்னப்பா செய்யறது என்று நீ கேட்டாய், நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனில் எனக்கு வார்த்தை வராது, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நீ நின்றுகொண்டு பார்த்தாய், நான் தரையில் கிடந்து பார்த்தேன். அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ஒத்திகைக்கு ஆள் போதவில்லை, சும்மாதானே இருக்கீங்க, வாங்கப்பா என்று கூட்டிப் போனாய். கேன்டீன் கூரை இடிந்து விழுந்ததாகக் கணக்கு. என் கழுத்தில் மாட்டிய சீட்டில் வயிற்றில் பலத்த அடி, முகம் வெளுத்திருக்கிறது, பேச்சு வரவில்லை என்று எழுதியிருந்தது. பேசாமல் கிடப்பதே எனக்குத் தண்டனை. பக்கத்து மேஜைக்கடியில் கத்துவதற்கென்றே ஒருத்தனைப் படுக்க வைத்திருந்தாய், பாதிப் பேர் அவனிடம் ஓடினார்கள், ஒருத்தன் என்னைத் தாண்டிக் குதித்தே போனான். கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் குனிந்து நாடி பார்த்து என் கையில் சிவப்பு அட்டையைக் கட்டினாள். சிவப்பு என்றால் முதலில் தூக்க வேண்டியவன், பச்சை என்றால் தானே நடந்து போகக்கூடியவன், கறுப்பு என்றால் அவ்வளவுதான் என்று காலையில் நீ சொல்லிக்கொடுத்தது எனக்கே புரிந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் கொண்டாங்கடா என்று அந்தப் பெண் கத்தினாள். இருந்தது ஒன்றுதான், அதில் டீன் படுத்திருந்தார். போட்டோவுக்காக வந்து நடித்தவர், அவர் சீட்டில் கணுக்கால் சுளுக்கு. மூன்று மாணவர்கள் தூக்க, மெதுவாப்பா மெதுவா என்று சுகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், மார்க் போடுகிறவரைத் தூக்கினார்கள். வெளியே மட்டும் வேறென்ன நடக்கிறது? நான் பஸ் ஓட்டிச் சாலையிலேயே காலத்தைக் கழித்தவன். விபத்தில் காருக்குள் இருந்தவனை ஆளுக்கொரு பக்கம் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டு, சுமைவண்டியிலிருந்து விழுந்த கூலிக்காரியைச் சாக்கு மாதிரி ஓரமாக நகர்த்தி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் நீ வந்தாய். சார், உங்களால நடக்க முடியும், இறங்கி அந்தச் சுவர்ப் பக்கம் போய் நில்லுங்க என்றாய். நான் யாருன்னு தெரியுதில்லம்மா என்று அவர் சிரித்தார். தெரியுது சார், பச்சை அட்டை என்றாய். சாகக் கிடக்கிறவன் சிரிக்கக் கூடாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் இறங்கி, ஸ்ட்ரெச்சர் என்னிடம் வருவதற்குள், என்னைக் காப்பாற்ற நீ குறித்திருந்த நேரம் முடிந்துவிட்டது. நீ மண்டியிட்டு என் கையிலிருந்த சிவப்பை அவிழ்த்துக் கறுப்பைக் கட்டினாய், முடிச்சை நன்றாக இறுக்கினாய். அந்த மூவரில் ஒருத்தன், மேடம், இவர் உங்க அப்பாதானே என்று மெல்லக் கேட்டான். ஆமா, இப்ப செத்துட்டார், பக்கத்துல உக்காந்து பாருங்க என்றாய். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தன் என் காலைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை. மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தேன் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். நீ என்ன படித்தாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வகுப்பு போனால் நீ எவ்வளவு உடைந்துபோவாய் என்று எனக்குத் தெரியும். அவரைச் சங்கடப்படுத்தியதற்கு வருத்தம் சொல்ல வேண்டுமா, சொல்லிவிடு, ஒன்றும் குறைந்துவிடாது. இறக்கியது தவறு என்று மட்டும் சொல்லாதே. சொல்லிவிட்டு மறுநாள் அதே பிள்ளைகளிடம் போய் எதைச் சொல்லிக்கொடுப்பாய்?

அம்மா நேற்று முழுக்க என்னோடு சண்டை. ஒரு வார்த்தை கேட்டுட்டா தலையா போயிடும், உங்க வீம்பு அப்படியே அவளுக்கும் என்றாள். இதுவரை எழுதியதை இப்போது அவளுக்குப் படித்துக் காட்டினேன். கறுப்பு அட்டை வந்த இடத்தில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், மன்னிப்புக் கேக்கறதுன்னா கேக்கட்டும், ஆனா அந்த மூணு பசங்களையும் எதிர்ல நிக்க வெச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்லுங்க, அவங்க முகத்தைப் பார்த்தா அது தப்புன்னு அவ வாயில வராது, பெத்தவ எனக்குத் தெரியாதா என்றாள்.

நீ எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எங்கள் இருவர் ஆசியும் உன் கூடவே இருக்கும், தைரியமாக இரு. டீனைப் பார்க்க வெறும் வயிற்றோடு போகாதே, பசித்தால் உனக்குக் குரல் நடுங்கும், அவர் அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் கையால் கறுப்பு அட்டை வாங்கிய
அப்பா