உனக்காக இறைத்து வைத்த கிணறு

என் தங்கச்சி மகேஸ்,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு மாரி கழிந்துவிட்டது. இந்தக் கடிதம் உன்னை வந்தடையாது என்பதை நான் அறிவேன். பெறுநர் இல்லாத கடிதமொன்றைப் பத்திரிகைக்குக் கொடுப்பது வழக்காடும் ஒரு சட்டத்தரணிக்குப் பொருந்தாத காரியம் என்பதையும் அறிவேன். ஆயினும், உன் பெயரைக் கொண்ட அரசாங்க ஆய்வுக் கோவை ஒன்று கொழும்பில் மூடப்படவிருக்கிறது. அதற்குள் இடம் கிடைக்காத ஓர் உண்மையை வேறெங்காவது எழுதிவைக்க வேண்டும். உனக்குச் சொல்வதாக நினைத்தால்தான் அதை என்னால் சொல்ல முடிகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சுகம் என்று எழுதினால் அது பொய்ச் சத்தியமாகும். சாப்பிடுகிறார், கோயிலுக்குப் போகிறார், பேரப்பிள்ளைகளை ஏசுகிறார். நீ தண்ணீர் எடுக்கும் கண்ணாடிப் போத்தல்கள் இன்னமும் குசினித் தட்டில்தான் நிற்கின்றன. "இந்தச் சனியனுகளாலை உப்பு வைக்கக்கூட இடமில்லை" என்று உன்னோடு சண்டை பிடித்தவர், இப்போது எவரும் அவற்றைத் தொட விடுவதில்லை.

இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காக, நீ அறிந்தவற்றையே சற்று விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். முரசுமோட்டை வயல்களின் கழிவு வாய்க்கால் போய் முடிகிற பக்கத்தில், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் குடியிருக்கின்றன. வயல்களுக்குப் பூச்சி கொல்லும் கிருமிநாசினி அடிப்பவர்கள் அவர்களே. கைநடுக்கம், வாந்தி, கண்மங்கல் என்று, டொக்டரான உன்னிடம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் அவர்களே. மருந்து அடிப்பவனுக்கு நோய் வருவது விளங்கக்கூடியது. மருந்துப் பம்பை ஒருநாளும் தொடாத பெண்ணுக்கும் ஏன் கை நடுங்குகிறது? அவர்கள் குடிக்கிற கிணறுதான் காரணமா? நீ கேட்ட கேள்வி இவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. பதில் சொல்ல எத்தனை வருடம் வேண்டும் என்பதில்தான் எல்லோரும் உன்னோடு முரண்பட்டார்கள்.

வெளிநாட்டு நிறுவனமொன்று ஒரு வருடத்துக்குப் பணம் தர முன்வந்தபோது நீ வேண்டாமென்றாய். அது எனக்கு அப்போது விவேகமாகப் படவில்லை. "அண்ணா, ஒரு வருசக் காசு தந்தா ஒரு வருச மறுமொழிதான் வரும். உடம்பு அவ்வளவு கெதியாக் கதைக்காது" என்றாய். அரசாங்கம் ஏழு வருட ஆராய்ச்சி மானியம் தரும்வரை கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையே அலைந்தாய். வயல் மருந்தையும் கிணற்றுத் தண்ணீரையும் பற்றிய ஆய்வொன்றுக்கு இத்தனை நீண்ட மானியமா என்று உன்னோடு வேலை செய்த டொக்டர்மாரே நம்பவில்லை.

ஒப்பந்தத்தை என் கந்தோருக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டாய். நான் ஒவ்வொரு வாசகத்தையும் இரண்டு தடவை வாசித்ததைப் பார்த்துச் சிரித்தாய்.

"அண்ணியைக் கட்டேக்கை பதிவுப் புத்தகத்தைக்கூட நீங்கள் இப்பிடி வாசிக்கேல்லை."

"அதிலை நிபந்தனை ஒண்டும் எழுதியிருக்கேல்லை" என்றேன்.

"எழுதாமல் விட்டது அண்ணியின்ர கெட்டித்தனம்" என்றாய்.

இந்த ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் இருந்தன. மூன்றாம் வருட முடிவில் ஒரு குழு இடைக்கால மதிப்பீடு செய்யும். மானியம் ஆய்வாளரின் பெயருக்கே உரியது, வேறொருவருக்கு மாற்றப்படமாட்டாது. தண்ணீர் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும், ஊரவர் விதானையார் என்னும் கிராமசேவகர் மூலம் குடியிருப்பாளருக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் இன்றும் என்னால் குறை காண முடியவில்லை. ஏழைகளின் வீட்டு வளவுக்குள் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவரும் கேளாமல் நுழையக்கூடாது என்பது நல்ல சட்டம்.

மூன்று வருடங்கள் அந்தக் குடியிருப்புக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரும் அடிச்சேறும் எடுத்து வந்தாய், மகேஸ். ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து ஒரே பதில் வந்தது: சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. நமக்குப் பக்கத்து வயல்காரர் கந்தையா அண்ணை சந்தியில் வைத்தே என்னைப் பிடித்தார்.

"என்ன அப்புக்காத்து, உம்மடை தங்கச்சி அரசாங்கக் காசிலை தேடித் தேடிக் கடைசியிலை நல்ல தண்ணியைக் கண்டுபிடிச்சிட்டாவாமே? எங்கடை கிணத்தையும் ஒருக்காப் பாக்கச் சொல்லும், அதிலை பால் வருகுதோ தெரியாது."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டில் வந்து சொன்னபோது நீயும் சிரித்தாய். பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்தபடி சொன்னது நினைவிருக்கிறதா? "வயலிலை இருக்கு. வாய்க்காலிலை இருக்கு. கிணத்துக்கு வரேக்கை மட்டும் இல்லை. எங்கையண்ணா போகுது?" "இன்னும் நாலு வருசம் இருக்குத்தானே, பாப்பம்" என்று நீயே உன்னைத் தேற்றிக்கொண்டாய். நீண்ட மானியத்தின் பயன் என்னவென்று நான் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். பதில் கிடைக்காத வருடத்திலும் அமைதியாகச் சோறு தின்ன அது ஒருவருக்கு இடம் கொடுத்தது.

அடுத்த தடவை தண்ணீர் எடுக்கவேண்டிய கிழமையில் நீ காய்ச்சலில் கிடந்தாய். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று முத்தம்மா வந்தாள். அந்தக் குடியிருப்பில் நீ எப்போதும் முதலில் போகும் வீடு அவளுடையது; மருந்தடிக்கும் ராமையாவின் மனைவி. படலைக்கு வெளியே நின்றவளை நான் உள்ளே அழைத்துக் கதிரையில் இருத்தினேன். அழுதாள். அழுகைக்கு நடுவே, நமக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எண்ணியோ என்னவோ, இதைச் சொன்னாள்:

"இந்த வாட்டியும் அம்மா வர்றாங்கன்னு விதானையாரு சொன்னாருங்கய்யா. ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போகாம நின்னு கெணத்த அடிமட்டும் எறச்சி, சேத்த வாரி வெளிய கொட்டி, சுண்ணாம்பு போட்டு, புதுத்தண்ணி ஊற வச்சிருந்தோம். வருசா வருசம் அப்படித்தான்யா. அம்மா வந்ததும் மொதல்ல ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிப்பாங்கள்ல. அவங்க வாயில படுற தண்ணி அழுக்கா இருக்கலாமா?"

 

நமது பக்கத்து ஆட்கள் எவரும் அந்தக் குடியிருப்பில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனாலேயே நீ குடித்தாய். செம்பை இரண்டு கையாலும் வாங்கி, அவர்கள் பார்த்திருக்கக் குடித்துவிட்டுத்தான் போத்தல்களைத் திறந்தாய். அந்த மரியாதைக்கு அவர்கள் செய்த பதில் மரியாதை அது. நீ எடுத்த சேறு, சேறு வாரிய பிறகு எஞ்சிய மணல். நீ எடுத்த தண்ணீர், அவர்கள் வருடம் முழுவதும் குடித்த தண்ணீர் அல்ல. ஆய்வுகூடத்துக்குப் போய் விசாரித்தேன். இந்தக் கிணறுகளைப் பற்றி அந்தப் போத்தல்கள் நல்லதாகவோ கெட்டதாகவோ எதையும் சொல்லாது என்றார்கள்.

இதை நீ அறிந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முதலில் சிரித்திருப்பாய் என்று நினைக்கிறேன். பிறகு, மீதி நான்கு வருடமும் கையில் இருக்க, மறுநாளே புதிதாகத் தொடங்கியிருப்பாய். அந்த நான்கு வருடம் உன்னோடு போய்விட்டது.

குழு உன் ஆய்வை முடித்துவைக்க ஓர் அறிக்கை தயாரித்தது. ஆய்வுப் பகுதிக் கிணற்று நீரில் பாதிப்புக்குரிய எதுவும் காணப்படவில்லை என்பது அதன் கடைசி வாக்கியம். உன் சட்டபூர்வப் பிரதிநிதி என்ற முறையில் நான் அதில் ஒப்பமிட வேண்டுமாம். அத்தகைய வாக்கியங்களின் எதிர்காலம் எனக்குத் தெரியும். இன்று 'காணப்படவில்லை' என்று எழுதுவார்கள். நாளை அதை வாசிப்பவர் 'இல்லை' என்று விளங்கிக்கொள்வார். அதற்கடுத்த நாள், சுகமில்லை என்று வரும் முத்தம்மாவிடம் அந்தக் கடதாசியைக் காட்டுவார்கள்.

காலை ரயிலில் கொழும்புக்குப் போனேன். கோவையைப் பார்க்கும் அதிகாரி நம்மவர், நல்ல மனிதர். தேநீர் வரவழைத்து, நான் சொன்னது முழுவதையும் கேட்டார்.

"சேர், நான் உங்களை நம்புறன். ஆனா என்னட்டை ரெண்டு வழிதான் இருக்கு. மாதிரிகள் சரியெண்டா, ஒண்டுமில்லை எண்டு மூடலாம். பிழையெண்டா, பிழையான ஆய்வு எண்டு மூடலாம்."

"மூடாமல் வைக்க வழியில்லையா?"

"ஆள் இருந்தால் வழி இருக்கு. ஆள் இல்லையே, சேர்."

பிழையென்று மூடினால் காரணம் எழுத வேண்டும். முன்னறிவித்தலின் விளைவு என்று எழுதலாம் என்றேன். அது குழு விதித்த நிபந்தனையைக் குறை கூறுவதாகும், ஏற்கமாட்டார்கள் என்றார். குடியிருப்பாளர் மாதிரிகளைக் கெடுத்தனர் என்றே எழுதுவார்களாம். புதிய மானியத்துக்கு வேறொருவர் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் பாதிப்பு உண்டென்பதற்கு ஆரம்பச் சான்று காட்ட வேண்டும் என்றார். நமது ஆரம்பச் சான்று, ஒன்றுமில்லை என்பதுதான். மகேஸ், வாதத்தில் ஓட்டை தேடுவதே என் தொழில். இதில் ஓட்டை இல்லை. எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. ஒருவரும் தவறு செய்யவில்லை.

ஆய்வைப் புதிதாக ஏற்று நடத்தக் கேட்டு, உன்னோடு படித்தவர்களிடமும் போனேன். ஒருவர் ஒரு வருடப் பணமென்றால் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இன்னொருவர் கிளிநொச்சியில் தங்க முடியாது என்றார். மூன்றாமவர் உன்னைப் பற்றி வெகுநேரம் நல்லவிதமாகப் பேசிவிட்டு விடை கொடுத்தார்.

நான் ஒப்பமிடவில்லை. நடந்ததை ஒரு தனிக் கூற்றாக எழுதிக் கொடுத்தேன். கோவையில் சேர்க்க விதியில்லை என்று அது திரும்பி வந்தது. ஒப்பம் இல்லாமலே மூடுவார்கள். பிரதிநிதி மறுத்தார் என்று ஒரு வரி இருக்கும். ஏன் மறுத்தார் என்பது இருக்காது. நான் சாதித்தது அந்த ஒரு வரி.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்குமுன் முத்தம்மாவிடம் சொல்வது என் கடமை என்று பட்டது. வேறொருவர் வாசித்துக் காட்டி அவள் அறியக்கூடாது. போன கிழமை போனேன். ராமையா மருந்தடிக்கப் போயிருந்தான். கிணற்றடியில் நின்றபடியே, என்னால் இயன்ற எளிமையான சொற்களில் விளக்கினேன். இது உங்கள் குற்றமல்ல என்று தொடக்கத்திலும் சொன்னேன், முடிவிலும் சொன்னேன்.

அவள் வாளிக் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"அப்ப அம்மாவுக்கு நாங்க அழுக்குத் தண்ணிய குடுத்திருக்கணும்னு சொல்றீங்களா ஐயா?"

"அப்பிடி இல்லை..." என்று தொடங்கினேன்.

"நாளைக்கே வேற டாக்டரம்மா வந்து இந்தத் தண்ணிய குடிக்கக் கேட்டாலும் எறச்சுத்தான்யா வைப்போம். எங்களால வேற மாதிரி முடியாது." பிறகு கேட்டாள்: "அது போகட்டும். இந்தத் தண்ணிய நாங்க குடிக்கலாமா, கூடாதா?"

"எனக்குத் தெரியாது, முத்தம்மா."

"அந்த அம்மாவுக்கு?"

"அவவுக்கும் தெரியாமல்தான் போச்சு."

"இத்தன படிச்சவங்க தெரியாதுன்னு சொல்லி இப்பத்தான்யா கேக்குறேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அடுத்த கிணறு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். வயல்காரரின் வளவுக்குள் இருப்பதாகவும், அங்கே அள்ள விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். உலை வைக்க நேரமாகிவிட்டதென்று வாளியை இறக்கினாள். நான் கப்பியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தடுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. விடுவதற்கும் இல்லை.

தங்கச்சி, செய்ய முடியாததை வாக்களிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆய்வு தொடரும் என்று சொல்லமாட்டேன். நீதி கிடைக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் வாக்களிக்கிறேன். அந்தத் தண்ணீர் நல்லதென்று எவராவது, எந்த மேசையிலாவது, உன் பெயரைச் சொல்லிச் சொல்வாரானால், நான் எழுந்து நின்று மறுப்பேன். கேட்பவர்கள் சலித்துப்போகுமட்டும் மறுப்பேன். உனக்குத் தெரியாததை நீ தெரியும் என்று சொன்னதில்லை. உனக்குப் பின் வேறு எவரும் உனக்காக அப்படிச் சொல்ல நான் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உனக்கு முன் பிறந்தும் உனக்குக் கொள்ளி வைக்க நேர்ந்த
உன் அண்ணன்