இரண்டாவது மயோனைஸ் டப்பா

அன்பு மகனுக்கு,

இன்று புதன்கிழமை காலை எட்டே கால் மணிக்கு ஹாரன் மாமா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலைப் பணியில் இருந்த நர்ஸ் என்னிடம் நேரில் சொன்னது இது, நம்பலாம். நேற்றே கண் திறந்துவிட்டார் என்று அவர் மனைவி உன் அம்மாவிடம் போனில் சொன்னாராம், அது ஆசையில் சொன்னது. சிறுநீரகம் இன்னும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். மற்ற பத்துப் பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். நானும் அம்மாவும் உன் தங்கையும் மாப்பிள்ளையும் உடம்பால் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு நீ இருமிக்கொண்டே பேசியதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், டாக்டரிடம் போனாயா இல்லையா என்று ஒரு வரி எழுது.

நீ அனுப்பிய புகார்க் கடிதத்தை மாப்பிள்ளை அச்செடுத்து என் மேஜையில் வைத்திருக்கிறார். தங்கை கடைக்கு முட்டைக்காரர் கெட்டுப்போன முட்டையைக் கொடுத்ததால்தான் பஸ் டிப்போ ஆட்கள் பதினோரு பேர் நோயில் விழுந்தார்கள், அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நன்றாகவே எழுதியிருக்கிறாய். கீழே எனக்கு இடமும் விட்டிருக்கிறாய், வெள்ளிக்கிழமை ஆய்வு முடிவு வருவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாய். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. உடனே போனை எடுத்துக் கத்தாதே, இதை முழுக்கப் படி. தபாலில் போட்டால் வெள்ளிக்குள் உன் கைக்கு வராது என்பதால்தான் எழுதி முடித்ததும் அம்மாவின் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். அவள் எடுக்கும் படத்தில் பாதிக்கு மேல் அவள் கட்டைவிரல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். டிப்போக்காரர்கள் வருஷா வருஷம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோர மைதானத்தில் குடும்பத்தோடு கூடி, கரி அடுப்பு போட்டுச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இந்த முறை சாப்பாட்டுப் பொறுப்பை டிப்போ வாசலில் கடை வைத்திருக்கிற உன் தங்கையிடம் கொடுத்தார்கள். அறுபத்து நான்கு பேர். அவள் கடை இந்த இரண்டு வருஷத்தில் பேர் வாங்கியதே மயோனைஸால்தான். பர்கருக்கு பன்னின் இரண்டு பக்கமும் தடவிவிட்டுத்தான் கறியை வைப்பாள், அப்போதுதான் கறிச்சாறு இறங்கி பன் நசநசக்காது. சாண்ட்விச்சுக்கு ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய்க்குப் பதிலாக அதையே தேய்த்துக் கல்லில் போடுவாள், ஓரம் வரைக்கும் ஒரே சீராகச் சிவந்து வரும். பாட்டில் மயோனைஸ் கடையில் இருக்கிறது, ஆனால் பெயருக்குத்தான். பச்சை முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எலுமிச்சை பிழிந்து தினமும் அவளே அடிப்பாள். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் இரண்டு டப்பா அடித்து முடித்தாள். எப்போதும் போல ஒவ்வொரு டப்பா மேலும் வெள்ளை டேப் ஒட்டி, செய்த நேரத்தைச் சிவப்புப் பேனாவால் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டியை மைதானத்துக்குத் தூக்கிப்போனது நானும் மாப்பிள்ளையும்.

பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி. முதல் டப்பா அதிலேயே காலி. அடுப்பில் வாட்டின கோழித்துண்டு, சோளக்கதிர், எல்லாவற்றுக்கும் அதைத்தான் பூசினாள். இரண்டாம் பந்தி இரண்டு இருபதுக்கு. விளையாடிக் களைத்தவர்கள், நேரங்கழித்து வந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் உட்கார்ந்தார்கள். ஹாரன் மாமா அந்தப் பந்திதான். காலை டிரிப் முடித்து, வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டு, மைதான வாசலிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பஸ்ஸை நீ தவறவிட்ட நாளெல்லாம் அடுத்த திருப்பத்தில் நிறுத்திவிட்டு விடாமல் அடித்துக்கொண்டு நிற்பாரே, அதே அடி. மூன்று பர்கர் சாப்பிட்டார். சட்டையில் மயோனைஸ் சொட்டினதைப் பார்த்து மனைவி திட்டியதற்கு, “சட்டைக்கும் பசிக்காதா?” என்று கேட்டார். அது ஞாயிறு. திங்கள் விடிந்ததும் ஒவ்வொரு வீடாக வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மதியம் உணவு ஆய்வாளர் வந்தார். உன் தங்கை வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மிச்சமிருந்த கறி, ஆறு முட்டை, இரண்டாவது டப்பாவின் அடியில் ஒட்டியிருந்தது, எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கடைக் கதவில் தாள் ஒட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார். மைதானத்துக்குப் பாட்டில் மயோனைஸ் ஏன் எடுத்துப் போகவில்லை என்று அவர் கேட்டதற்கு உன் தங்கை சாக்குச் சொல்லவில்லை, பச்சை முட்டை போட்டு அடித்தது என் கைதான் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள், அம்மா குழாயை மூடினாலும் மறுபடி திறக்கிறாள்.

அன்று சாயங்காலம்தான் நீ முட்டைக்காரரைப் போனில் பிடித்துத் திட்டினாய். மறுநாள் காலை எட்டு மணிக்கு மனுஷர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. ஏழு வருஷத்து டெலிவரி நோட்டைக் கக்கத்தில் வைத்திருந்தார். “சார், கோழி போட்டுச்சு, நான் கொண்டுவந்தேன். இதுல நான் என்ன சார் கொலை பண்ணேன்? அதே லோடுலதான் இன்னும் பதினாலு கடைக்கும் போட்டேன், போய்க் கேட்டுப் பாருங்க” என்றார். மாப்பிள்ளைக்கும் அவருக்கும் வாசலிலேயே வாய்த்தகராறு, பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்துகொண்டது. அவர் சொன்னபடியே போய்க் கேட்டேன். பதினாலு கடையிலும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அதற்கு முன்னாலேயே, திங்கள் சாயங்காலம் தொடங்கி, டிப்போக்காரர்கள் வீடு வீடாகப் போய் ஒரே மூன்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பந்தியில் உட்கார்ந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வயிறு கெட்டது. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது, முப்பத்தாறு வருஷம் பத்திரிகைக்காக அடுத்தவர் வாசலில் நின்று இதைத்தானே கேட்டேன். நான்கு பேர் ஊரில் இல்லை, மீதி அறுபது பேரிடமும் கேட்டாயிற்று. முதல் டப்பா மட்டும் சாப்பிட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர், ஒருவருக்குக்கூடத் தும்மல் இல்லை. இரண்டாவது டப்பாவில் சாப்பிட்டவர்கள் பதினேழு பேர், படுத்தது பதினோரு பேர், பதினோரு பேரும் அந்தப் பதினேழுக்குள்தான். இரண்டு டப்பாவும் ஒரே தட்டு முட்டையில் ஒரே மணி நேரத்தில் ஒரே கை அடித்தது. அப்படியென்றால் ஏழு மணிக்கும் இரண்டு இருபதுக்கும் நடுவில் இரண்டாவது டப்பாவுக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஞாயிறன்று எடுத்த படங்களைப் பார்க்கலாமா என்று செவ்வாய் மதியம் டிப்போ ஃபோர்மேனிடம் கேட்டேன், போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு எடுத்த படம் ஒன்று. ஐஸ் பெட்டி திறந்திருக்கிறது. ஒரு கையால் தண்ணீர் பாட்டிலை உள்ளே அடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் மயோனைஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. ஃபோர்மேன் வெயிலில் சூடாகிப்போன தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “சார், இது குடிக்கவா, குளிக்கவா?” என்று கேட்டார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் இரண்டாவது டப்பாவை வெளியே எடுத்து இடம் பண்ணினேன். வெயில் படாத இடமாக வைக்க வேண்டும் என்று தோன்றியது, அதனால் எங்களை ஏற்றி வந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் வைத்தேன். தூசு வரக்கூடாது என்று ஜன்னலெல்லாம் மூடியிருந்தார்கள். வெயில் படவில்லை என்பதை மட்டும் பார்த்தேன், மூடின பஸ் அடுப்புக்குச் சமம் என்பதை நினைக்கவில்லை. இரண்டு மணி நாற்பது நிமிஷம் அங்கே இருந்தது. இரண்டு இருபதுக்கு உன் தங்கை குரல் கொடுத்ததும் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்ததும் நானேதான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று நினைத்து அவள் வாங்கிக்கொண்டாள். அடுப்புப் பக்கத்தில் நின்ற கைக்குச் சூடு தெரியவில்லை. போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேப்பில் நேரத்துக்குக் கீழே சிவப்பில் இன்னொரு வரி இருக்கிறது, வெளியே வைக்கக் கூடாது என்று. அதை நான் முதல் தடவையாகப் படித்தது அந்தப் படத்தில்தான்.

முட்டையில் கிருமி இருந்திருக்கலாமே என்று நீ கேட்பாய், மாப்பிள்ளையும் கேட்டார். இருந்திருக்கலாம். எந்த முட்டையிலும் இருக்கலாம், குளிரில் இருந்தால் ஒடுங்கிக் கிடக்கும், சூட்டில் விட்டால் பெருகிவிடும் என்று ஆய்வாளர் சொன்னார். பச்சை முட்டையை அத்தனை பேருக்குக் கொண்டுபோனது தப்பு என்பது உன் தங்கைக்கும் தெரியும். ஆனால் ஒடுங்கிக் கிடந்ததை எழுப்பிவிட்டது நான். உன் புகாரில் நான் கையெழுத்துப் போட்டால் பதினாலு கடையும் நாளைக்கே அவரிடம் வாங்குவதை நிறுத்தும், அப்புறம் பொய் என்று தெரிந்தாலும் திரும்பி வராது. அச்சில் வந்த பழியை மறுநாள் மூலையில் திருத்தம் போட்டு அழிக்க முடியாது, அதை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய் சாயங்காலம் உன் தங்கையிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். பஸ், ஜன்னல், இரண்டு மணி நாற்பது நிமிஷம், எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு, “பொட்டலம் கட்டி வர்ற பேப்பரைக்கூட ஒரு வரி விடாம படிப்பீங்களேப்பா. நான் எழுதினதை மட்டும் படிக்கணும்னு தோணலையா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலை டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள், சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. உன் அம்மா சும்மா இருப்பாளா, “ஊர்த் தப்பையெல்லாம் தேடித் தேடி எழுதினீங்க, கடைசியில விலாசம் நம்ம வீடுன்னு வந்து நிக்குது” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். பட்டியல், படம், நேரம் எல்லாவற்றையும் கொடுத்து, டப்பாவை வெளியே வைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வாரம் நான் போடுகிற கையெழுத்து அது ஒன்றுதான். அந்தப் பெண் இரண்டு தடவை படித்தார். “நீங்க சொன்னதைச் சேர்த்துக்கறேன் சார். ஆனா லைசன்ஸ் உங்க பொண்ணு பேர்ல இருக்கு. டப்பாவை யார் தூக்கினாலும் பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்” என்றார். நான் உண்மையைச் சொன்னால் கடைப் பூட்டு தானாகத் திறக்கும் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது, அவர் அப்படிச் சொன்னபோதுதான் அது எனக்கே தெரிந்தது. எச்சரித்துத் திறந்துவிடலாம், மூன்று மாதம் மூடலாம், லைசன்ஸை ரத்தும் செய்யலாம். எது என்று அவருக்கே இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் எப்படித் தேறுகிறார் என்பதையும் பார்ப்போம் என்றார்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். முட்டைக்காரருக்கு நீயே போன் செய்து பேசு. முடிவு வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதே. முடிவு வந்த பிறகு கேட்கிற மன்னிப்பு காகிதத்துக்குப் பயந்து கேட்டதாகிவிடும். மாப்பிள்ளை இன்று போய்ப் பேசிவிட்டு வந்தார், திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு முட்டை, காசு வாங்க மாட்டேன் என்றாராம். அது சமையலறையில் அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை. உன் தங்கைக்கும் போன் செய், ஆனால் எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் கோபம் நியாயமானது, அது தீரும்போது தீரட்டும். உனக்கும் அங்கே கோடைதான், மத்தியானத்துக்கு எடுத்துப்போகிற சாண்ட்விச்சைக் காரில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு உண்டு, அதை இன்றோடு விடு. இருமலுக்கு வெந்நீர் குடி. உடம்பும் வேலையும் உனக்குக் குறைவில்லாமல் அமைய வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்லச் சொன்னாள்.

ஹாரன் மாமாவின் ரத்தப் பரிசோதனை நாளைக் காலை பத்து மணிக்கு, முடிவு மதியத்துக்குள் தெரியும் என்று நர்ஸ் சொன்னார். டப்பாவின் ஆய்வு முடிவும் கடையைப் பற்றிய உத்தரவும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அலுவலகத்துக்கு உன் தங்கைதான் நேரில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் கூட வரலாமா என்று கேட்டு ஒரு சீட்டு எழுதி இன்று மத்தியானம் ஃபிரிஜ் கதவில் ஒட்டினேன், அவளுடைய சிவப்புப் பேனாவால்தான் எழுதினேன். இப்போது மணி நாலரை. அவள் அதைப் படித்துவிட்டாள் என்று அம்மா சொல்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அப்பா