அதே குறை, இரண்டு வண்டி

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இன்ஸ்பெக்டர் மேடமாகிவிட்ட உனக்குக் கடிதம் படிக்க நேரம் இருக்காதுதான், ஆனால் போனில் சொன்னால் நடுவில் இன்னொரு அழைப்பு வந்துவிடும், எப்போதும் வருவதுதானே.

போன வாரம் பாலத்தடியில் போலீஸ் என் காரை நிறுத்தியது உனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. உனக்குத் தெரியாதது, எனக்கு முன்னால் நம் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரின் வண்டியும் நின்றது, சின்ன வயதில் கேன் அண்ணன் என்று கூப்பிடுவாயே, அவர்தான். அவருக்கும் அதே குறை. வண்டியைப் பிடித்து வைக்கலாம், புதுப்பித்துக் கொண்டுவந்து காட்டு என்று அவகாசம் கொடுத்தும் அனுப்பலாம், இரண்டும் அந்த அதிகாரியின் கையில்தான் இருந்தது. நான் யார் என்று சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வரிசையில் நின்றேன். அதற்குள் காரில் இருந்த உன் அம்மா உனக்குப் போன் போட்டுவிட்டாள், நீ அங்கே யாரிடமோ சொல்லிவிட்டாய். அதுவரை என்னை யோவ் என்றவர் திடீரென்று குழைந்தார். "மேடத்தோட அப்பான்னு முதல்லயே சொல்லக்கூடாதா சார், மெதுவா புதுப்பிச்சுக்குங்க" என்றார். அதே வாயால் கேன் அண்ணனிடம் சாவியைக் கேட்டார். இவரையும் விடுங்கள் என்றேன், அது வேற கேஸ் என்றார், என்ன வேறு என்றேன், சாவிக்காகக் கேன் அண்ணன் பக்கம் கையை நீட்டினார். கேன் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா சார். என்ன செய்ய, இப்பதான் ரெண்டாங்கிளாஸ் போறா." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் வண்டி இன்னும் ஸ்டேஷன் வளாகத்தில் காய்கிறது. சைக்கிளில் இரண்டிரண்டு கேனாகக் கொண்டுவருகிறார், சாப்பாட்டுக் கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் வேறு ஆளைப் பிடித்தாயிற்று, இப்படியே போனால் தெருவும் கையைவிட்டுப் போய்விடும். அவர் மணியடித்தால் உன் அம்மா சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. நேற்று நானே ஸ்டேஷனுக்குப் போய், என் காரையும் பிடித்து வையுங்கள் என்று சாவியை மேசையில் வைத்தேன். அதே அதிகாரி அதை என் பக்கமே தள்ளினார். "உங்க வண்டியைப் பிடிச்சா என்னை எந்தக் காட்டுக்குத் தூக்கிப் போடுவாங்களோ சார். மேடம் சொல்லட்டும், ரெண்டுல எதுன்னாலும் செய்யறேன்" என்றார்.

நான் பார்த்து வைத்த கல்லூரி வேலையை உதறிவிட்டு இந்தச் சீருடையைப் போட்டாய். ஆள் பலம் இல்லாதவர்களுக்கு அங்கே ஒருத்தி வேண்டும் அப்பா என்று நீ சொன்னதை நான் மறக்கவும் இல்லை, உன்னை மன்னிக்கவும் இல்லை. இன்னொரு போன் போடு. எனக்குக் கொடுத்த அவகாசத்தை அவருக்கும் கொடுக்கச் சொல், இல்லையென்றால் என் காரையும் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல். இரண்டில் ஒன்று நடக்கும்வரை நான் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை, அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில்தான் கூட்டிப்போவேன், அவள் வலியைச் சொல்லி உன்னிடம் அழுதால் அழட்டும்.

நன்றாக இரு, உன் கையால் யாருக்கும் கெடுதல் வராமல் இருக்கட்டும். வெயிலில் நின்று வண்டிகளை நிறுத்தும்போது மறக்காமல் தண்ணீர் குடி. உன் அப்பா என்று எழுதி முடிக்கத்தான் பேனாவை மறுபடி எடுத்தேன். பாலத்தடியில் என்னை விடுவித்ததும் அந்த இரண்டு சொற்கள்தான். கையெழுத்து இல்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன், வரிசையில் நின்ற யாரோ எழுதியதாக நினைத்துப் படி.