கிட்டங்கியில் ஒரு குலவை

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

அன்பு மகன் வன்னியபெருமாளுக்கு, மஸ்கட்டில் நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்கச் சுடலையை வேண்டிக்கொண்டு அம்மா முத்துக்கனி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு.

முதலில் பிள்ளைகள் சமாச்சாரம். உன் அக்கா மகன் செந்தூர்வேலுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை நிரந்தரமாகிவிட்டது. அவன் தங்கை மாவட்டக் கேரம் போட்டியில் கோப்பை வாங்கி, பேப்பரில் படம் வந்தது. கடைக்குட்டி ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மூச்சுவிடாமல் பேசி முதல் பரிசு வாங்கினாள். உன் மகள் இசக்கிசெல்வியின் வெற்றியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், அதுதான் பெரியது. அவள் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தாள்.

அவளை யாரோ எடுத்துப் பரப்பிய அந்த வீடியோவைப் பார்த்து நீ போனில் கத்தினாய். நான் வாயைத் திறக்குமுன் வைத்தும் விட்டாய். கடிதத்தில் நடுவில் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

பெங்களூரில் அவளை வேலையை விட்டு எடுத்த பிறகு அவள் இருந்த இருப்பு உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கூப்பிடும்போது மட்டும் தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் கதவு சாத்தியே இருக்கும். உன் பெண்டாட்டி செல்வராணி கதவுக்கு வெளியே சோற்றை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுவாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. நாலு பேரோடு பழகட்டும் என்று டாக்டரும் சொன்னார். எந்த நாலு பேர்? சொந்தக்காரர்கள் வந்தாலே அடுத்து எங்கே வேலை என்றுதான் கேட்கிறார்கள்.

அப்போதுதான் அவளோடு படித்த ஜாஸ்லின் வந்தாள், திரேஸ்புரத்துப் பிள்ளை. முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றில் மாதம் ஒரு ஞாயிறு மாலை, டி.வி.யில் காட்டுகிற மாதிரி மல்யுத்தம் நடக்கிறதாம். பெரிய கம்பெனி, டி.வி. எதுவும் கிடையாது. துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை பார்க்கிற பையன்களே கயிறு கட்டி, பலகை போட்டு நடத்துகிறார்கள். இசக்கிசெல்வி வர மாட்டேன் என்றாள். ஆச்சி வந்தால்தான் வருவேன் என்றதும், முழங்காலோடு நானும் ஆட்டோவில் ஏறினேன்.

மாசானம் என்று ஒருவன் வந்தான். வெளியே புரோட்டாக் கடை வைத்திருக்கிறான், தங்கமான பையன். மேடையில் அவன்தான் கெட்டவன். மைக்கைப் பிடித்து, "ஏலே, தூத்துக்குடிக்காரனுக்கு மக்ரூன் திங்கறதை விட்டா வேற என்னலே தெரியும்?" என்றான். கிட்டங்கியே கொந்தளித்துவிட்டது. நானும் இறங்கி வாலே என்று கையை ஓங்கினேன். எல்லாம் பேசி வைத்த சண்டை ஆச்சி, உட்காருங்க என்று ஜாஸ்லின் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அவனோடு மோதியவன் ரெனிஷ். கப்பலில் சரக்குக் கட்டுகிற பையன். அடி வாங்கி வாங்கி விழுந்து கிடந்தான். பேசி வைத்ததோ என்னவோ, பலகையில் முதுகு விழுகிற சத்தம் பொய்யில்லை. பிறகு மெல்ல எழுந்தான். கை நடுங்கியது, தலை ஆடியது, கண் நிலைகுத்தியது. மாசானம் அடிக்கிறான், இவனுக்கு உறைக்கவே இல்லை. கோவில் கொடையில் சாமியாடிகளிடம் இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அருள் வந்துவிட்டது என்றே நினைத்துக் குலவை போட்டுவிட்டேன்.

கிட்டங்கியே என்னைத் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது என் பக்கத்திலிருந்து இன்னொரு குலவை கிளம்பியது. திரும்பிப் பார்க்கிறேன், உன் மகள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் ஓட, நிறுத்தாமல் போடுகிறாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஜாஸ்லினுக்குப் போட வராது, அவளும் வாயில் கையை வைத்து என்னவோ சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ரெனிஷ் நடுங்க ஆரம்பித்ததும் குலவைக்காகவே எல்லாரும் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதில் உனக்கு என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். "ஆச்சி, இத்தன பேரு முன்னாடி ஒருத்தன் கீழ விழுதான், ஒருத்தரும் சிரிக்கல. எந்திரிலே, எந்திரிலேன்னுதான் கத்துதாவ" என்றாள்.

பிறகு வந்த ஆட்டங்களுக்கு நோட்டீஸ் படம் வரைந்து கொடுத்தது அவள்தான். காய்ச்சலில் ஒரு தடவை போகவில்லை என்றதும், கிட்டங்கியில் பழக்கமான பிள்ளைகள் மாறி மாறிப் போன் செய்தார்கள். மாத்திரையை அவளாக நிறுத்தவில்லை, டாக்டரே ஒன்றைக் குறைத்திருக்கிறார். சோற்றுக்கு அடுப்படிக்கே வந்து, குழம்பில் உப்பில்லை என்று செல்வராணியிடம் சண்டை போட்டாள். அந்தச் சண்டையைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

சாமிக்குப் போடுகிற குலவையைச் சண்டைக்காரனுக்குப் போடலாமா என்று கேட்டாய். எனக்கும் மனசு உறுத்தியது. நம் கோவில் பூசாரி வீரபாகுவிடமே போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பய ஜெயிச்சானா அக்கா?"

அறையில் உன்னோடு இருப்பவர்கள் அவள் குலவை போடுகிற வீடியோவைப் பார்த்துச் சிரித்தது உனக்கு உறுத்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கத்தியதிலிருந்து கதவு திரும்பவும் சாத்தியிருக்கிறது. வருகிற மாத ஆட்டத்துக்கு நோட்டீஸ் பாதியில் கிடக்கிறது. ஜாஸ்லின் வந்து கூப்பிட்டதற்கு, "அப்பா வேண்டாம்னுட்டாவ" என்று மட்டும் சொன்னாள். போ என்று நான் சொன்னால் போக மாட்டாள். நீ சொல்ல வேண்டும் ஐயா. உன் பெண் ஊரைக் கூட்டிக் குலவை போடுகிறாள் என்று நான் மில்லர்புரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீயும் அங்கே சொல், அவர்கள் சிரிப்பு தானாக நிற்கும்.

நீ நல்லா இருப்பாய், உன் பிள்ளையும் நல்லா இருப்பாள். உன் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம். அவள் அறைச் சுவரில் ரெனிஷ், மாசானம் படங்களுக்கு நடுவே ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறாள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சிரித்த முகமாக எடு. பின்பக்கத்தில் உன் கையால், போய்ட்டு வா என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துக்கனி