ஐந்தாவது ஆள்

7 அக்டோபர் 1940, எகிப்து

சுடும் பயிற்சி. எங்கள் டாங்கியின் முகத்தில் இரண்டு குட்டிக் கூடுகள், ஆளுக்கொரு இயந்திரத் துப்பாக்கி. இடது கூட்டில் நான், வலது கூட்டில் லென், நடுவில் ஓட்டுநர் ஹோரஸ். ஆறடி ஆளை இதில் திணித்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்! என் முட்டி என் காதோடு பேசுகிறது. சுட்டு முடித்தால் துப்பாக்கியைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். அதை வடித்து டீ போடுவோம். லேசாக எண்ணெய் வாசம். முதல் குவளை குடிப்பவன் மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும் — இது எங்கள் சட்டம்.

9 அக்டோபர்

திருப்பத்தில் சங்கிலிப் பட்டை மறுபடி கழன்றது. "பஸ் எஞ்சினை வச்சவனுங்க பஸ் டயரையும் வச்சிருக்கலாம்" என்றார் ஹோரஸ். லண்டனில் பஸ் ஓட்டியவர்.

14 அக்டோபர்

புது டாங்கி வருகிறதாம். குட்டிக் கூடுகள் கிடையாது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரே துப்பாக்கி. ஆறு பேர் ஐந்தாகிறோம். நானோ லென்னோ, ஒருவன் வெளியே. "வியாழக்கிழமை ரெண்டு பேரும் சுடுங்க. நல்லா சுடுறவன் என்கூட" என்றார் எங்கள் டாங்கியின் தலைவர் சார்ஜண்ட் மேடக்ஸ்.

இவர்களை விட்டு நான் எங்கே போவது? போக மாட்டேன்.

17 அக்டோபர்

போச்சு. எல்லாம் போச்சு. முதல் சுற்று சமம். நடுவில் டீ, என் துப்பாக்கித் தண்ணீரில். முதல் குவளை லென்னுக்கு. இரண்டாம் சுற்றில் என் துப்பாக்கி காய்ந்து சிக்கிக்கொண்டது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை! மறந்தானா — வேண்டுமென்றே செய்தானா? ஒரு வருஷம் ஒன்றாகக் கிடந்தவன்டா நீ!

18 அக்டோபர்

லென் தானாகவே சார்ஜண்டிடம் போய்விட்டான். "தண்ணி ஊத்த மறந்தது நான். அந்த இடம் இவனுக்குத்தான். நான் குள்ளன், எனக்குப் பழைய கூடே போதும்." பக்கத்துப் பிரிவில் பழைய டாங்கி ஒன்றுக்கு ஆள் குறைகிறதாம்.

"மறுபடி சுட்டுப் பார்க்கலாம்டா" என்றேன்.

"காலை நீட்டணும்னு ஒரு வருஷமா புலம்பினே. போய் நீட்டித் தொலை."

6 டிசம்பர்

புது டாங்கியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இதன் கவசத் தகடு முப்பது மில்லிமீட்டர் என்று சார்ஜண்ட் பெருமையடித்தார்.

"பழசுக்கு?"

"பதினாலு."

நாளை எதிரியை நோக்கிக் கிளம்புகிறோம்; லென்னின் பிரிவு எங்களுக்கு முன்னால் போகிறது. என் சிகரெட் முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னடா, திடீர்னு தர்மபிரபு ஆயிட்டே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்துத்தான் போனேன். கேட்கவில்லை.