மாத்திரைக் காசு

சேக்காடு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு கார்த்திகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி? வேளைக்குச் சாப்பிடு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி, கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கிற ரோஷினியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பிரஷர் மாத்திரைக்கு என்று மாதாமாதம் உன்னிடம் வாங்கினேனே, எனக்குப் பிரஷரே கிடையாது. அது புகையிலைக்குப் போன காசு. பல்வலிக்கு என்று வாயில் அடக்க ஆரம்பித்தது, அப்புறம் விடவில்லை. தடை போட்ட சரக்கு என்பதால் ஒளித்து விற்பார்கள். பாக்கெட் முப்பது ரூபாய். நாளைக்கு நாலு. உன் விசா செலவுக்கு அடகு வைத்த செயினை மீட்க நீ தனியாக அனுப்பிய பணத்திலும் கை வைத்தேன். அதனால்தான் இரண்டு வருடம் என்று போனவள் நாலு வருடமாக அங்கேயே கிடக்கிறாய்.

போன ஆவணியில் வாய்க்குள் வெள்ளையாக ஒரு திட்டு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இன்றே நிறுத்தினால் பிழைத்தீர்கள் என்றார். நிறுத்தினேன். முதல் வாரம் அதே நினைப்பில் இரண்டு காலரைக் கோணலாகத் தைத்து சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன். ஒரு நாள் கடை வாசல் வரைக்கும் போய்விட்டேன். ரோஷினி பின்னாலேயே ஓடி வந்து, “இன்னாக்கா, இவ்ளோ நாள் தாக்குப் புடிச்சிட்டு இப்பப் போய் வாங்கப் போறியா?” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் நூற்றிருபது ரூபாயை அவளிடமே கொடுத்து வைத்தேன். பதினோரு மாதம். போன மாதம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, திட்டு போய்விட்டது என்றார். நேற்று சேட்டு கடையில் முப்பத்தெட்டாயிரம் கட்டி உன் செயினை மீட்டுவிட்டேன் கண்ணு. தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்தேன். பெட்டிக்கடை வேம்புலி பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஆளையே காணோம், வேற கடைல வாங்குறியா?” என்றான். “உட்டுட்டேன்டா” என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தேன் பார், அப்படி நடந்து எத்தனையோ வருடமாயிற்று.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. காண்ட்ராக்டைப் புதுப்பிக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதே. என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அம்மா
சுலோசனா